‘பத்து வருஷம் ஆகும்’ என்ற சொல்லை நம்பலாமா?

கேள்வி இதுதான்: நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய சிறிய விவசாயக் கிராமம் ஒன்று சுரங்க விரிவாக்கத்தில் வரும் என்று பேச்சு அடிபடுகிறது. “இயந்திரம் நம் ஊர் எல்லையைத் தொடப் பத்து வருஷம் ஆகும், அதுவரை வழக்கம்போல நட்டு அறுக்கலாம்” என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இது சரியா, ஒரு சிறிய ஊரால் இதைத் தடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரியவர்கள் சொல்லும் ஆண்டுக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் தவறு. சுரங்கத்தால் ஒரு ஊர் இழப்பவற்றில் பெரும்பகுதி, இயந்திரம் வருவதற்கு முந்தைய அந்தப் பத்து ஆண்டுகளில்தான் போகிறது. நில எடுப்பு விசாரணைகளுக்கு விவசாயிகளுடன் போய்வந்தும் அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தும் பழகியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில், ஊர் ஏன் அகப்படுகிறது என்பதைப் பார்ப்போம். நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். லாரியிலோ ரயிலிலோ ஏற்றித் தொலைவுக்குக் கொண்டுபோனால் பாதிச் செலவு தண்ணீரைச் சுமப்பதற்கே ஆகும் என்பதால், வெட்டிய இடத்தின் அருகிலேயே எரித்து மின்சாரம் எடுப்பார்கள். ஆகவே அனல்மின் நிலையம் ஒன்று எழுந்துவிட்டால், அதன் ஆயுள் முழுவதும் அதற்குத் தீனி பக்கத்து நிலத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து நிலக்கரி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வது எளிது; ஈரமான பழுப்பு நிலக்கரிக்காகவே வடிவமைத்த கொதிகலனுக்கு அது பொருந்தாது. 1956இல் சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனம் தொடங்கப்பட்டு, 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்து, 1962இல் மின் உற்பத்தி ஆரம்பித்ததிலிருந்து இன்றுவரை பள்ளம் நகர்ந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து முதல் ஏழு கனமீட்டர் மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. இரண்டாம் சுரங்கத்தின் திறன் மட்டும் ஆண்டுக்கு 1.5 கோடி டன். இந்த இரண்டு எண்களையும் பெருக்கிப் பார்த்தால், ஒரு கிராமத்தின் வயல்வெளி அந்தப் பள்ளத்துக்கு எத்தனை நாள் வேலை என்பது புரியும்.

பள்ளம் வருவதற்கு முன்பே வந்து சேர்வது தண்ணீர்ப் பிரச்சினை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்ட நிலத்தடி நீர் இருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் மேலே தோண்டினால் பள்ளத்தின் தரையையே நீர் பிளந்துகொண்டு வெளியே வரும். அதனால் சுரங்கத்தைச் சுற்றிக் குழாய்க் கிணறுகள் போட்டு இரவு பகல் ஓயாமல் நீரை இறைத்தாக வேண்டும். அந்த நீரடுக்கு சுரங்க வேலியோடு நிற்பதில்லை. நீங்கள் போர் போட்டிருப்பதும் அதே அடுக்கில்தான். மோட்டார் வைக்காமலேயே குழாயிலிருந்து நீர் தானாகப் பொங்கிய காலத்தைச் சுற்றுவட்டார முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். நியாயமாக இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும்: இறைத்த நீர் பரவனாற்றின் வழியாக வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பாசனத்துக்கும் போகிறது. ஒரு ஊரின் கிணற்றை வற்றவைத்த நீரை நம்பி இன்னொரு ஊர் நாற்றங்கால் விடுகிறது என்பதால்தான், சுரங்கத்தைப் பற்றி அந்த வட்டாரத்தில் எல்லாக் கிராமங்களும் ஒரே குரலில் பேசுவதில்லை.

இனி அந்தப் பத்து ஆண்டுகளுக்கு வருகிறேன். ஊர் எடுக்கப்படும் என்ற செய்தி பரவிய நாளிலிருந்து நிலம் கைமாறுவது நின்றுவிடும். பெண்ணின் கல்யாணத்துக்காக அரை ஏக்கரை விற்க நினைப்பவருக்கு வாங்க ஆள் கிடைக்காது; அவசரத்துக்கு விற்பவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார். இதில் ஒளிந்திருக்கும் சேதத்தைப் பலர் கவனிப்பதில்லை. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, சந்தை மதிப்பைக் கணிக்க, முந்தைய மூன்று ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரையப் பத்திரங்களைப் பார்க்கச் சொல்கிறது. அவற்றில் அதிக விலை காட்டும் பாதியை எடுத்துச் சராசரி காண வேண்டும். சுரங்க பயத்தால் பத்திரப் பதிவே நடக்காத ஊரில், அல்லது அவசர விலைக்கு மட்டுமே நடந்த ஊரில், அந்தச் சராசரி எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நிலத்தின் விலையைத் தாழ்த்திய அதே செய்தி, இழப்பீட்டின் அளவுகோலையும் தாழ்த்திவிடுகிறது. கட்டாயமாக எடுப்பதற்குக் கூடுதலாகத் தரும் ஆறுதல் தொகை, மதிப்பைப் பெருக்கும் விகிதம் எல்லாம் அந்தத் தாழ்ந்த அடிமதிப்பின் மேல்தான் ஏறும்.

அடுத்து வீடு. ஓட்டு வீட்டை மாற்றி மாடி கட்ட நினைத்தவர் கட்ட மாட்டார். புதிய போர் போட வங்கி கடன் தராது. தென்னங்கன்று வைத்தால் காய்ப்பதற்குள் ஊர் இருக்குமோ இருக்காதோ என்று யோசிப்பவர் கன்று வைக்க மாட்டார். சாலை போடும் துறைக்கும், “எப்படியும் போகப்போகிற ஊர்தானே” என்ற எண்ணம் வந்துவிடும். இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். கடைசியில் அதிகாரிகள் அளக்க வரும்போது பாழடைந்த வீடுகளும் தரிசு நிலமும்தான் கணக்கில் ஏறுகின்றன.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே முழுமையான உதாரணம் ஜெயங்கொண்டம். பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் மின் நிலையமும் அமைப்பதற்காக 1990களின் பிற்பகுதியில் 13 கிராமங்களில் 8,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் எடுக்கும் வேலை தொடங்கியது. இழப்பீடு போதாது என்று வழக்குகள் குவிந்தன. சுரங்கமும் வரவில்லை, மின் நிலையமும் வரவில்லை. ஒரு மண்வெட்டி மண்கூட வெட்டப்படாமல் கால் நூற்றாண்டு ஓடிய பிறகு நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. அந்த முடிவைப் பலர் வெற்றி என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லத் தயங்குவேன். தன் பெயரில் இல்லாத நிலத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் பயிர் செய்தவர், அதை அடமானம் வைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்க முடியாதவர், பாகம் பிரிக்க முடியாமல் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனவர், இவர்கள் திரும்பப் பெற்றது நிலத்தை மட்டும்தான்.

அப்படியானால் பத்து ஆண்டுகளும் பயிர் வைக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில் நடந்ததை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். சேத்தியாத்தோப்புக்கு அருகே உள்ள ஊர் அது. இரண்டாம் சுரங்கம் நகர்ந்து வரும் பாதையில் பரவனாறு குறுக்கிட்டதால், ஆற்றை மாற்றுப் பாதையில் திருப்பும் கால்வாய் ஏறத்தாழ 12 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்டு, சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டும் பாக்கி இருந்தது. ஜூலை 26ஆம் தேதி காவல்துறைப் பாதுகாப்போடு பொக்லைன் இயந்திரங்கள் வயலுக்குள் இறங்கின. பயிர் பச்சையாக நின்றது. அறுவடைக்கு இன்னும் இரண்டு மாதம்போல இருந்தது. இயந்திரத்தின் கை வரப்பைத் தாண்டி இறங்கி, தண்ணீர் நின்ற சேற்றோடு சேர்த்துப் பயிரை அள்ளி, பக்கத்தில் நின்ற பயிரின் மேலேயே கொட்டிய காட்சியைத் தமிழ்நாடே அன்று கைபேசியில் பார்த்தது. இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் நடந்த பாட்டாளி மக்கள் கட்சியின் போராட்டம் வன்முறையில் முடிந்தது.

நிறுவனத்தின் வாதம் சட்டப்படி வலுவானது: நிலம் 2006 முதல் 2013 வரையிலான ஆண்டுகளிலேயே எடுக்கப்பட்டுவிட்டது, பயிரிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம், மழைக்காலத்துக்கு முன் கால்வாயை முடிக்காவிட்டால் வெள்ளம் சுரங்கத்துக்குள் புகும் என்றார்கள். விவசாயிகள் தரப்போ 2013 சட்டத்தின் 101ஆவது பிரிவைக் காட்டியது. எடுத்த நிலத்தை ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் திருப்பித் தர வேண்டும் என்பது அந்தப் பிரிவு. ஊரில் பலர் இதைக் கேட்டு நம்பிக்கை கொள்கிறார்கள். அதே வாக்கியத்தில் ‘உரிமையாளருக்கு அல்லது அரசின் நில வங்கிக்கு’ என்று இருப்பதை யாரும் அவர்களுக்குப் படித்துக் காட்டுவதில்லை. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, பயிரை அறுக்கும் வரை இரண்டு மாதம் காத்திருக்க முடியாதா என்று மனம் நொந்து கேட்டார். முடிவில், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்றும், நிற்கும் பயிரைச் செப்டம்பர் 15க்குள் அறுத்துக்கொண்டு நிலத்தை ஒப்படைக்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. நீதிமன்றத்தின் பரிவு பயிருக்குத்தான் கிடைத்தது. நிலம் யாருடையது என்பதில் மாற்றம் எதுவும் வரவில்லை.

இதன் சட்டப் பின்னணியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கிராமங்கள் ஏமாறும் இடம் இதுதான். பழைய 1894ஆம் ஆண்டுச் சட்டப்படி எடுத்த நிலங்களில், தீர்வம் (இழப்பீட்டை நிர்ணயிக்கும் ஆணை) போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் உடைமை எடுக்காமலோ இழப்பீடு வழங்காமலோ விட்டிருந்தால் எடுப்பே காலாவதியாகும் என்று 2013 சட்டத்தின் 24(2) பிரிவைப் பலர் படித்தார்கள். இந்தூர் வளர்ச்சி ஆணையம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச் 6 அன்று அந்த ‘அல்லது’ என்பதை ‘மற்றும்’ என்றே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உடைமையும் எடுக்கப்படாமல், இழப்பீடும் வழங்கப்படாமல், இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் எடுப்பு காலாவதியாகும். காசோலையை வாங்க மறுத்தால் நிலம் நமதே என்று நம்பி இருந்தவர்களுக்கு அது பேரிடி. உடைமை எடுப்பதற்கு அதிகாரி வயலில் வந்து வேலி போட வேண்டியதில்லை. நிலத்தைக் கையகப்படுத்தியதாக மகஜர் (பதிவுக் குறிப்பு) எழுதினாலே போதும், அதற்குப் பின் அங்கே பயிர் செய்பவர் அத்துமீறி நுழைந்தவர் ஆகிறார் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. உங்கள் ஊரில் சிலர் தங்கள் நிலம் என்று நினைத்து நாற்று நட்டுக்கொண்டிருக்கும் வயல், காகிதத்தில் எப்போதோ கைமாறியிருக்கக் கூடும். வட்டாட்சியர் அலுவலகத்தில் போய்ப் பார்க்காதவரை அது தெரியாது.

தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புக்கு மாநிலத்துக்கென 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் 2013 சட்டம் கோரும் சமூகத் தாக்க மதிப்பீடு (எடுப்பால் மக்களுக்கு வரும் பாதிப்பை முன்கூட்டியே ஆராய்வது) போன்ற படிகள் இந்தச் சட்டத்தில் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் இதைச் செல்லாதென்றது. அதே ஆண்டு சட்டமன்றம் இதற்குப் புத்துயிர் கொடுத்துச் சட்டமியற்றியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. இழப்பீட்டையும் மறுவாழ்வையும் பொறுத்தவரை மத்தியச் சட்டத்தின் அட்டவணைகள் பொருந்தும். ஊரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. கிராம சபைத் தீர்மானம் நிறைவேற்றுங்கள், அது நல்ல ஆவணம். ஆனால் அதைக் கதவில் போட்ட பூட்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு சிறிய ஊரால் தடுக்க முடியுமா? முடிந்திருக்கிறது, ஆனால் எல்லாம் தொடக்கத்திலேயே. 2023 மார்ச் இறுதியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு அறிவித்த தொகுதிகளில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய மூன்றும் இருந்தன. டெல்டாவில் எதிர்ப்புக் கிளம்பியது, முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், எல்லாக் கட்சிகளும் பேசின. சில நாட்களிலேயே, ஏப்ரல் 8 அன்று, மூன்றையும் நீக்கிவிட்டதாக அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். ஒருவருக்கும் நோட்டீஸ் போகவில்லை, ஒரு சர்வே எண்ணும் அரசிதழில் வரவில்லை என்ற நிலையில் பத்து நாளில் முடிந்த காரியம் அது. அதே ஆண்டு ஜூலையில், அங்கிருந்து கூப்பிடு தூரம் போன்ற மேல்வளையமாதேவியில், பத்தாண்டுகளுக்கு முன்பே எடுத்து முடிந்த நிலத்துக்காக நடந்த அதைவிடப் பெரிய போராட்டத்தால் அறுவடைக்கு அவகாசம் மட்டுமே கிடைத்தது. இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் இடையிலான வேறுபாடு மக்களின் வீரத்தில் இல்லை, தேதியில் இருக்கிறது.

நெய்வேலியில் மண்ணை வெட்டும் சக்கர வாளி இயந்திரங்களின் பூர்விகம் ஜெர்மனி என்பதால், அந்த நாட்டின் கதையும் நமக்கு வேண்டும். ரைன் நதிப் பக்கம் கார்ட்ஸ்வைலர் என்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கம், வளமான மண்ணில் அமைந்த கிராமங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது. லூட்சராத் என்ற குக்கிராமத்தில் கடைசியாக மிஞ்சிய விவசாயி 2022 வசந்தத்தில் நீதிமன்றத்தில் தோற்று நிலத்தை விற்றார். 2023 ஜனவரியில் அங்கே திரண்டிருந்த போராட்டக்காரர்களைக் காவல்துறை அகற்றிய பின் ஊர் இடிக்கப்பட்டது. உலகம் பார்த்தது அதைத்தான். அரசுக்கும் சுரங்க நிறுவனத்துக்கும் இடையிலான 2022 அக்டோபர் உடன்பாட்டில் அந்த வட்டாரத்தில் நிலக்கரிக்கு முற்றுப்புள்ளி 2038இலிருந்து 2030க்கு முன்னே வந்ததால், கையன்பெர்க் உள்ளிட்ட ஐந்து கிராமங்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் அதற்குள் அந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் வீட்டை விற்றுவிட்டு, புதிதாகக் கட்டிய ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தனர். அதே சுரங்கத்துக்காக எடுத்த ஒரு பழத்தோட்டத்தின் மீது சுற்றுச்சூழல் அமைப்பொன்று வழக்குப் போட்டு, 2013 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் வென்றது. தீர்ப்பு வந்தபோது தோட்டம் இருந்த இடம் பல ஆண்டுகளாகப் பள்ளமாகக் கிடந்தது. நிலம் பறிபோகும் கடைசிக் கட்டம்வரை மக்களைக் காக்கவைக்காமல், திட்டம் உருவாகும்போதே எதிர்த்து முறையிட அவர்களுக்கு வழி இருக்க வேண்டும் என்று அந்த நீதிமன்றம் சொன்னதை நம் சட்டமன்றங்கள் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

நீங்கள் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். ஒரு விசாரணைக்கு எழுபதைத் தாண்டிய மூதாட்டி ஒருவருடன் போயிருந்தேன். பட்டா அவர் மாமனார் பெயரில் இருந்தது. மாமனார் இறந்து நாற்பது ஆண்டு. வாரிசுகள் நால்வரில் ஒருவர் எங்கிருக்கிறார் என்றே தெரியாது. உரிமை தெளிவாக இல்லை என்று தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டார்கள். அவர் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மர மதிப்பீட்டுத் தாளை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். “பனை: பதினொன்று” என்று இருந்தது. “கொல்லையில இருக்கிறது பதினாலு தம்பி, மூணு வடலியை விட்டுட்டாங்க” என்றார். குட்டையான இளம் பனைகளை எண்ணுகிறவருக்கு மரமாகத் தெரியவில்லை. திருத்தம் கேட்டு மனு எழுதினோம்; பதில் வருவதற்குள் அந்தக் கொல்லையே இல்லாமற்போயிற்று.

ஆகவே, இந்த மாதத்திலேயே ஊரில் உள்ள ஒவ்வொரு கூட்டுப் பட்டாவையும் பிரித்து, வாரிசுச் சான்று வாங்கி, உயிரோடு இருப்பவர் பெயருக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். நிலம் ஏற்கெனவே வேறு பெயருக்குப் போயிருக்கிறதா என்பது பெரும்பாலும் அதிலும், கிராமத்தின் நில விவரங்கள் அடங்கிய அ-பதிவேட்டிலும் தெரிந்துவிடும். ஒவ்வொரு போகமும் அடங்கலில் (பயிர்க் கணக்கில்) சரியான பயிர் ஏறுகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். நெல் நிற்கும் வயலைத் தரிசு என்று எழுதிவைத்திருப்பது அரிதல்ல. குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கும் பயிர் செய்பவர்களையும் கூலி ஆட்களையும் இதில் விட்டுவிடாதீர்கள். நில எடுப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த நிலமற்ற குடும்பத்தையும் 2013 சட்டம் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே கொள்கிறது. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளுக்குச் சான்று அவர்களிடம் இருப்பதில்லை. நில உரிமையாளர்கள் குத்தகையைப் பதிவுசெய்யத் தயங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தயக்கம்தான் ஊரை இரண்டாகப் பிரித்து, சேரியை ஒரு பக்கமும் ஊரை ஒரு பக்கமும் நிறுத்துகிறது. அப்படிப் பிரிந்த ஊரோடு பேரம் பேசுவது எடுப்பவருக்கு எளிது.

சுரங்கத்துக்கான சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பு உண்டு. திட்டச் சுருக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு முழக்க அட்டையோடு மட்டும் போகாதீர்கள். ஊரில் உள்ள எல்லாப் போர்களின் ஆழத்தையும், கோடையில் நீர் நிற்கும் மட்டத்தையும் தேதியோடு எழுதிய நோட்டு ஒன்று உங்களிடம் இருக்கட்டும். ஐந்து ஆண்டுக் கணக்கு அப்படிக் கையில் இருந்தால், நீர் இறங்கியது மழை பொய்த்ததால்தான் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. இன்றைக்குத் தொடங்கினால், பெரியவர்கள் சொல்லும் பத்து ஆண்டு முடிவதற்குள் அந்தக் கணக்கு உங்களிடம் இருமடங்காகச் சேர்ந்திருக்கும்.

பயிர் வைப்பதா என்றால், வையுங்கள். உங்கள் பெயரில் நிலம் இருக்கும்வரை தரிசாகப் போடாதீர்கள். உடைமை எடுத்தாயிற்று என்று தெரியவரும் வயலில் மட்டும், நடவுக்கு முன்பே எந்தத் தேதி வரை அறுத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தைப் பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பனை வடலிகளையும் எண்ணி வையுங்கள்.